எரகான் திருப்பி படிச்சேன், செம கடுப்பு. நான் மட்டும்தானா?

காட்பாடி_ஜங்ஷன்
ஸ்கூல் டைம்ல எனக்கு உசுரா இருந்த புக்கு எரகான். இந்த லீவுல திருப்பி எடுத்து படிச்சேன், அந்த கடுப்ப எங்கயாச்சும் கொட்டணும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கிறிஸ்டோபர் பவுலினின்னு ஒரு அமெரிக்க பையன் பதினஞ்சு வயசுல எழுத ஆரம்பிச்ச கதை, மொதல்ல அவங்க குடும்பமே சொந்தமா அச்சடிச்சு ஸ்கூல் லைப்ரரின்னு ஊர் ஊரா போய் வித்தாங்க, 2003ல பெரிய பதிப்பகம் எடுத்து போட்டதும் உலகம் பூரா பிச்சிகினு போச்சு. கதை இன்னான்னா, கார்வஹால்னு மலைக்கு கீழ ஒரு கிராமம், அங்க தாய்மாமா வீட்ல பயிர் வேலை பாத்துகினு இருக்கற எரகான்னு ஒரு பையன், வேட்டைக்கு போன எடத்துல அவனுக்கு ஒரு நீலக்கல் கெடைக்குது, அது கல்லே இல்ல, டிராகன் முட்டை, அதுலேர்ந்து சஃபீரா வருது. ராஜா கல்பட்டோரிக்ஸோட ஆளுங்க தேடி வந்து வீட்ட நாசம் பண்ணி மாமா செத்துடறாரு, ஊர்ல கதை சொல்லிகினு இருந்த ப்ரோம்னு ஒரு கெழவர் கூட இவன் பழிவாங்க கெளம்பறான்.

இப்ப இத 1977ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு பக்கத்துல வெச்சு பாருங்க. விவசாய வீட்டு பையன், மாமா சாவு, கெழவர் பழைய வீரர்னு அப்புறம் தெரியறது, அவர் கையால ஒரு வாள், ஜெயில்ல அடைச்சு வெச்ச இளவரசி, கெழவர் நடுவுலயே சாவறது, கடைசில புரட்சிப்படையோட பெரிய சண்டை. ரெண்டாவது பாகத்துல "நீ யார் புள்ள தெரியுமா" வேற. மனசுக்குள்ள பேசற டிராகன் 1968லயே ஆன் மெக்காஃப்ரி எழுதியாச்சு, ஒரு பொருளோட உண்மையான பேர் தெரிஞ்சா அத ஆட்டிவைக்கலாம்ங்கறது அதே 1968ல உர்சுலா லெ குவின் எழுதினது, எல்ஃப்னு மந்திரம் தெரிஞ்ச காட்டு சனம், குள்ளர் எல்லாம் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதின டோல்கீன் வீட்டு சாமான். அப்ப இவரோடது எது? ஐநூறு பக்கம் படிச்சு முடிச்சிட்டு இதான் யோசிச்சுகினு இருந்தேன். பதினாலு வயசுல இதுல பாதி தெரியாது, அதனால பிடிச்சுது. அவ்ளோதான் மேட்டர்னு தோணுது.

அகழி_ஆமை
தல, இது 2003லேர்ந்தே எல்லாரும் சொல்லி சொல்லி தேஞ்ச ரெக்கார்டு. நீங்க நடுவுல ஸ்டார் வார்ஸ் பாத்துட்டீங்க, அதுக்கு எரகான் இன்னா பண்ணும்.

உங்களுக்கு அப்ப பிடிச்சது கதையோட எலும்புக்கூடு இல்ல. மந்திரத்துக்கு அவர் வெச்ச விதி ஞாபகம் இருக்கா? ஒரு வேலைய கையால செஞ்சா எவ்ளோ தெம்பு போகுமோ மந்திரத்தால செஞ்சாலும் அவ்ளோ தெம்பு போகும், சக்திக்கு மீறி பண்ணா செத்துடுவ. கைய ஆட்டினா எல்லாம் நடக்கற கதைங்க நடுவுல இது எவ்ளோ பெரிய விஷயம்.

ஹடாரக் பாலைவனம் வர்ற எடம் சொல்றேன். தண்ணி இல்ல, குதிரைங்க தவிக்குது, எரகான் மந்திரத்தால மண்ணுல பள்ளம் பண்ணி அடியில இருக்கற ஈரத்த மேல இழுக்கறான். தண்ணி வருது, ஆனா அவன் உசுர பாதி உறிஞ்சிட்டுத்தான் வருது, ஏன்னா அது அவ்ளோ ஆழத்துல இருக்கு. கோடைல பாலாத்து மணல்ல ஊத்து தோண்டினவன் எவனுக்காச்சும் இந்த எடம் புரியாம போகுமா? எங்க ஆயா ஒரு கொடம் ரொம்பறதுக்கு சொரண்டி சொரண்டி ஒக்காந்திருக்கும். நான் அந்த பக்கத்த படிச்சப்ப மாயாஜாலம்னே தோணல, முதுகுவலிதான் தோணுச்சு. இத எந்த படத்துலேர்ந்து சுட்டாராம்?

காட்பாடி_ஜங்ஷன்
விதி நல்ல விதிதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த விதியையும் எடத்துக்கு தகுந்த மாதிரி வளைச்சிகினே போறாரு. எரகான் மாட்டிகினா தெம்பு தீந்துடும், எரகான் ஜெயிக்கணும்னா எங்கேர்ந்தாச்சும் தெம்பு வந்துடும். ஒரு ரத்தினக்கல்லுல சேத்து வெச்சிருந்தேன், டிராகன் குடுத்துச்சுன்னு. போகப்போக அது விதியா, சேமிப்பு கணக்கான்னே தெரியல.

குடியாத்தம்_லோக்கல்
வெள்ளக்காரன் பல்லி கதைய எல்லாம் படிச்சிகினு அழுவறதுக்கு பொன்னியின் செல்வன் படிங்கபா. நம்மகிட்ட இல்லாததா 😂

அகழி_ஆமை
@குடியாத்தம்_லோக்கல் ணா, பொன்னியின் செல்வன்ல டிராகன் எத்தினியாவது பாகத்துல வருது? அது சரித்திர நாவல்ணா, 1950லேர்ந்து 54 வரைக்கும் கல்கில தொடரா வந்தது. அதையும் திருப்பி படிச்சவங்கள கேளுங்க, வந்தியத்தேவன் ஒளிஞ்சிகினு நிக்கற எடத்துக்கே வந்து எல்லாரும் ரகசியம் பேசுவாங்க. அத மட்டும் கடுப்பாகாம படிக்கறோம்ல?

குடியாத்தம்_லோக்கல்
அது வேற இது வேற

ஆற்காடு_மக்கன்பேடா
நான் ஸ்கூல்ல எட்டாவது ஒம்போதாவது புள்ளைங்களுக்கு பாடம் எடுக்கறவ. போன வருஷம் ஒரு பையன் இந்த புக்க கொண்டு வந்தான், அதனால நானும் ரொம்ப வருஷம் கழிச்சு திருப்பி படிச்சேன். காப்பி அடிச்சாரா இல்லையாங்கறது எனக்கு பெரிய விஷயமா படல தம்பிங்களா. கதை எல்லாமே எங்கயோ கேட்ட கதைதான்.

எனக்கு உறுத்தினது உர்கல். கொம்பு வெச்ச பெரிய உருவம், மொதல் புக்குல அவங்க வர்ற எடம் எல்லாம் சாவு. யாசுவாக்னு ஒரு ஊர், எரகானும் ப்ரோமும் உள்ள போறாங்க, ஊரே பொணக்குவியல், மேல ஒரு கைக்கொழந்தைய ஈட்டில குத்தி வெச்சிருக்காங்க. சின்ன வயசுல அத படிச்சதும் ஐயோ இந்த உர்கல் எல்லாத்தையும் கொல்லுன்னுதான் தோணுச்சு. இப்ப படிக்கும்போது அந்த "எல்லாத்தையும்" மேலதான் கண்ணு நிக்குது. ஒரு கூட்டத்துல பொறந்தவன் பொறப்பாலேயே கெட்டவன், அவன் கிட்ட பேச வேண்டியதில்ல, பாத்தா வெட்டு. இத புள்ளைங்க கைல குடுக்கறோம். நம்ம ஊர்ல இருந்துகிட்டு, பொறப்ப வெச்சு ஒருத்தன எடை போடறது எங்க போய் முடியும்னு தெரியாதவங்க யாராவது இருக்கோமா?

அகழி_ஆமை
அக்கா, ரெண்டாவது புக்கு எல்டெஸ்ட் படிச்சீங்கதானே? டுர்சான்னு அந்த மந்திரவாதி அவங்க மனச கட்டுப்படுத்தி வெச்சிருந்தான்னு அதுல வருது. அவன் செத்ததும் அவங்க விடுதலை ஆயி, ராஜாவ எதுக்கற வார்டன்ங்கற புரட்சிப்படைகிட்டயே வந்து நாங்களும் உங்க கூட நின்னு ராஜாவ எதுத்து சண்டை போடறோம்னு கேக்கறாங்க. மூணாவதுல கார்ஷ்வாக்னு ஒரு உர்கல் தலைவன் கூட எரகான் நாடு தாண்டி ஓடிகினே பேசிகினே போறான், அவங்க சனத்தோட கதை, வழக்கம் எல்லாம் வருது. அதையெல்லாம் விட்டுட்டு மொதல் புக்கோட நிறுத்தி தீர்ப்பு சொன்னா எப்படி.

வேலூருக்கு ஒரு பழமொழி சொல்வாங்கள்ல, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோயிலுக்குள்ள வந்து ஒக்காந்துட்டாரு, அபிஷேகம் அர்ச்சனை எல்லாம் நடந்துகினுதான் இருக்கு, ஆனா ஜனங்க இன்னும் சாமி இல்லாத கோயில்னுதான் சொல்லிகினு இருக்கு. உர்கல் மேட்டரும் அப்படித்தான். சரி பண்ணி இருவது வருஷம் ஆச்சு.

ஆற்காடு_மக்கன்பேடா
உதாரணம் நல்லா இருக்கு தம்பி, ஆனா ஒத்துக்க மாட்டேன். என் கிளாஸ் பையன் மொதல் புக்கோட நிறுத்திட்டான். நிறைய பேர் நிறுத்துவாங்க. ஐநூறு பக்கம் முழுக்க ஒரு இனத்த பூச்சி மாதிரி வெட்டி சந்தோஷப்பட வெச்சிட்டு, அடுத்த புக்குல "ஐயோ பாவம் அவங்க வசியத்துல இருந்தாங்க"ன்னா, அதுக்குள்ள நான் சந்தோஷப்பட்டாச்சே? அந்த சந்தோஷத்த யார் திருப்பி எடுக்கறது? அதுவும் அந்த விளக்கத்துல ஒரு தந்திரம் இருக்கு பாருங்க, வசியத்துல இருந்ததால மன்னிக்கறோம்னு வருது. வசியம் இல்லாமலே நெலத்துக்கோ பசிக்கோ சண்டைக்கு வந்திருந்தா வெட்டினது சரியா?

அகழி_ஆமை
அக்கா இது பாயிண்ட்டுதான். ஆனா இது எரகானோட மட்டும் சண்டை இல்லயே, இந்த வகை கதைங்க பூராவோட சண்டை. டோல்கீன் கதைல வெட்டறதுக்குன்னே வர்ற ஓர்க் கூட்டம் மேல யார் கேஸ் போட்டாங்க? இவராச்சும் ரெண்டாவது புக்குல திரும்பி பாத்தாரு.

சத்துவாச்சாரி_வெயில்
ரெண்டு நாளா படிச்சிட்டு மட்டும் போய்கினு இருந்தேன், இப்ப சொல்லியே ஆவணும்.

நான் தமிழ் மீடியம். காலேஜ் சேந்தப்ப இங்கிலீஷ்னா நாக்கு ஒட்டிக்கும், ரூம்மேட் வெச்சிருந்த எரகான்தான் நான் மொதல் மொதல்ல முழுசா படிச்ச இங்கிலீஷ் புக்கு, ஒரு பக்கத்துக்கு பத்து தடவ டிக்ஷனரி பொரட்டுவேன், அதுல ஒரு எடம் வரும், டெய்ர்ம்னு ஒரு துறைமுக ஊர்ல கப்பல் சரக்கு கணக்கு ஏட்ட எல்லாம் தேடி பாக்கணும், அப்பதான் ப்ரோமுக்கு தெரியுது எரகானுக்கு படிக்கவே தெரியாதுன்னு. டிராகன் மேல பறக்கறவன், வாள் சுத்தறவன், ஆனா எழுத்து தெரியாது. கெழவர் திட்டல, ஒக்கார வெச்சு சொல்லிக்குடுக்கறாரு. நான் டிக்ஷனரிய மூடி வெச்சிட்டு அந்த எடத்த திரும்ப திரும்ப படிச்சேன். ஸ்டார் வார்ஸ்ல லூக்குக்கு யாராச்சும் எழுத்து சொல்லிக்குடுத்தாங்களா காட்பாடி அண்ணா? சும்மா பட்டியல் போட்டு இது அதுலேர்ந்து, அது இதுலேர்ந்துன்னா, பட்டியல்ல வராதது எல்லாம் இன்னா ஆவறது.

ஆற்காடு_மக்கன்பேடா
அந்த எடம் எனக்கும் பிடிக்கும் தம்பி. ஆனா டீச்சரா ஒண்ணு சொல்லிக்கறேன், அவ்ளோ சீக்கிரம் எவனும் படிக்க கத்துக்க மாட்டான் 😄

காட்பாடி_ஜங்ஷன்
சரி, பட்டியல ஓரமா வைக்கறேன். எனக்கு உண்மைல ஆடிப்போன எடம் வேற, அத மொதல்லயே எழுதியிருக்கணும், ஆனா அது புக்க பத்தி நல்லதா கெட்டதான்னு எனக்கே குழப்பமா இருந்துச்சு.

டார்கன்பிராண்ட் ஞாபகம் இருக்கா? மொதல் புக்கோட கடைசில, எரகானும் வழில அவன் கூட சேந்துகின மர்டாக்னு ஒரு பையனும், ஜெயில்லேர்ந்து மீட்ட எல்ஃப் இளவரசி ஆர்யாவ மயக்கத்துல தூக்கிகினு ஓடிகினு இருக்காங்க (பேர கேட்டதும் நம்ம நடிகர் மூஞ்சி வந்துடும், அது வேற கொடுமை). வழில அடிமை வியாபாரிங்க வளைச்சுக்கறாங்க. சஃபீரா வந்து எறங்கினதும் எல்லாம் சிதறி ஓடுது. தலைவன் டார்கன்பிராண்ட் கைல ஆயுதம் இல்ல, குதிரைய புடிக்க ஓடறான், மர்டாக் போயி ஒரே வீச்சுல தலைய எடுத்துடறான். எரகான் கத்தறான், ஆயுதம் இல்லாதவன எப்படி கொல்லலாம்னு. மர்டாக் அலட்டிக்கவே இல்ல. அவன் தப்பிச்சா போயி சொல்லிடுவான், எனக்கு என் உசுரு முக்கியம்னு சொல்றான்.

பதினாலு வயசுல நான் நூறு சதவீதம் எரகான் கட்சி. மர்டாக் கெட்டவனா ஆவறதுக்கு இதான் ஆரம்பம்னு நெனச்சேன். இப்ப படிச்சா மர்டாக் கட்சி. டார்கன்பிராண்ட் ஆள் புடிச்சு விக்கறவன்யா. நம்ம பக்கத்துல அரிசி மில்லு, செங்கல் சூளைன்னு கொத்தடிமை மீட்பு நியூஸ் வராத வருஷம் இருக்கா? 1976லயே சட்டம் போட்டு ஒழிச்சாச்சு, அப்பறமும் குடும்பம் குடும்பமா முன்பணத்த குடுத்து அடைச்சு வெச்சிருந்தாங்கன்னு பேப்பர்ல படிக்கறோம். அப்படி ஒருத்தனுக்கு பரிதாபப்பட்டு எரகான் ஒழுக்க பாடம் எடுக்கறான், ஆசிரியரும் அவன் பக்கமே நிக்கறாரு. எரிச்சலா வருது. பதினஞ்சு வயசு பையன் எழுதினதுங்கறது இங்கதான் தெரியுது.

ஆற்காடு_மக்கன்பேடா
இத படிச்சிட்டு எனக்கு பக்குனு ஆச்சு. தம்பி, கொத்தடிமை வெச்சவன ஜெயில்ல போடணும்னுதான் அந்த சட்டம். கழுத்த சீவணும்னு இல்ல. நீங்க சொல்றத பாத்தா வயசு ஏறினதும் தெளிவு வரல, கோவம்தான் ஏறியிருக்கு. எரகான் சொன்னது பதினாலு வயசுல உங்களுக்கு சரின்னு பட்டுச்சே, அப்ப அந்த புக்கு உங்களுக்கு ஒரு நல்லது சொல்லிக் குடுத்துச்சுன்னுதானே அர்த்தம்?

காட்பாடி_ஜங்ஷன்
அந்த காட்டுல எந்த போலீஸ் ஸ்டேஷன் இருக்கு அக்கா? ராஜாவே வில்லன். விட்டா அவன் நேரா போயி காட்டிக் குடுப்பான், மூணு உசுரு போவும். அப்பறம் அடுத்த வாரமே வேற ஊர்ல ஆள் புடிப்பான். அத பத்தி எரகான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல பாருங்க. தன் கை சுத்தமா இருக்கணும், அவ்ளோதான் அவன் கவலை.

சத்துவாச்சாரி_வெயில்
அண்ணா நீங்க பிரிசிங்கர் படிக்கலன்னு நெனக்கறேன், 2008ல வந்த மூணாவது புக்கு. படிச்சிருந்தா இப்படி "பதினஞ்சு வயசு பையன்"னு முடிச்சிருக்க மாட்டீங்க.

அதுல எரகான் தனியா மாட்டிகினு திரும்பி வந்துகினு இருக்கான், ஆர்யா வந்து சேந்துக்கறா, வழில ராஜாவோட சிப்பாய் கூட்டம். எல்லாரையும் அடிச்சாச்சு, ஒருத்தன் மட்டும் மிச்சம், ஓடறான். எரகான் தொரத்தி புடிக்கறான். அவன் கெஞ்சறான். விட்டுடுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு. இவன் கொன்னுடறான். காரணம் இன்னா? விட்டா போயி சொல்லிடுவான். மர்டாக் சொன்ன அதே காரணம், எழுத்துக்கு எழுத்து அதே. ஆனா மர்டாக் கொன்னது அடிமை வியாபாரிய. எரகான் கொன்னது விரும்பி சேராத ஒரு சாதா சிப்பாய.

இன்னும் ஒண்ணு. அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் கார்வஹால் கசாப்புக்கடைக்காரன் ஸ்லோன இவன் உசுரோட விட்டிருப்பான். ஊரையே காட்டிக் குடுத்தவன், ஒரு காவக்காரன் சாவறதுக்கு காரணமானவன். மாமா பையன் ரோரன் கிட்ட கூட பொய் சொல்லி அவன காப்பாத்தறான். ஏன்னா தெரிஞ்ச மூஞ்சி, சின்ன வயசுலேர்ந்து பாத்தவன். தெரியாதவன் கெஞ்சினா கழுத்து போவுது, தெரிஞ்சவன் துரோகம் பண்ணாலும் தப்பிக்கறான். இத ஆசிரியர் தெரியாம எழுதினாரா? எனக்கு தோணல. டார்கன்பிராண்ட் எடத்துல எரகானுக்கு ஜால்ரா போட்ட அதே கை, மூணாவது புக்குல அவன கூண்டுல ஏத்துது. நீங்க மொதல் புக்க மட்டும் திருப்பி படிச்சிட்டு எரகான் பக்கமே நிக்கறாருன்னு சொல்றீங்க.

குடியாத்தம்_லோக்கல்
எப்பா இதுல இவ்ளோ மேட்டர் இருக்கா

அகழி_ஆமை
வெயில் ப்ரோ 🔥🔥 இதுக்குதான் சொன்னேன் நாலையும் படிங்கன்னு. மர்டாக்க பத்தி பேசறதுன்னா இன்னொண்ணு. மூணு வயசு புள்ள மேல அவங்கப்பன் மோர்சான் குடிவெறில வாள வீசி எறிஞ்சு முதுகு பூரா தழும்பு. மொதல் புக்கு பூரா எரகான் இடுப்புல தொங்கறது அதே வாள்தான். அந்த வாள் பக்கத்துலயே மர்டாக் ஒக்காந்து சோறு தின்னுகினு இருக்கான். மொத தடவ படிக்கறப்ப அத யாரும் கவனிக்க மாட்டோம், திருப்பி படிக்கறப்பதான் கூசும். 2023ல அவன் பேர்லயே தனி புக்கு வந்திருக்கு, சும்மாவா.

காட்பாடி_ஜங்ஷன்
வெயில் தம்பி, பிரிசிங்கர் நான் பாதில விட்டவன், அந்த சிப்பாய் எடம் வரைக்கும் போல. நீங்க சொல்ற மாதிரி இருந்தா அது நல்ல எழுத்துதான். ஆனா அகழி அவர்களே, இப்ப நீங்க ரெண்டு பேரும் பண்றது இன்னா தெரியுமா? மொதல் புக்குல குறை சொன்னா ரெண்டாவத காட்டறீங்க, மறுபடி சொன்னா மூணாவது. 2011ல நாலாவது புக்கோட மெயின் கதை முடிஞ்சுது, இப்ப 2023 வேற. நான் திருப்பி படிச்சது எரகான். ஒரு புக்கு. அக்கா உர்கலுக்கு சொன்னதேதான் இதுக்கும். அந்த பக்கத்துல, அந்த எடத்துல, எரகான் பேசினது நாயமாவும் மர்டாக் பேசினது கல்நெஞ்சாவும்தான் எழுதியிருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு கூண்டுல ஏத்தினா அது அந்த புக்குக்கு மார்க் ஆவாது.

ஆற்காடு_மக்கன்பேடா
என் வாதத்த வெச்சே என்னை மடக்கறீங்களா. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல தம்பி. உர்கல் விஷயத்துல மொதல் புக்கு எதிர்க்கட்சியே வைக்கல, அவங்க பக்கம் பேச ஒரு ஆள் கூட கெடையாது. டார்கன்பிராண்ட் எடத்துல ரெண்டு பேரும் பேசறாங்க, மர்டாக்குக்கு வாய் இருக்கு, அவன் காரணத்த அவனே சொல்றான். அந்த காரணத்த அங்க எழுதி வெச்சதாலதானே இத்தன வருஷம் கழிச்சு நீங்க அவன் கட்சிக்கு தாவ முடிஞ்சுது? ஆசிரியர் எந்த பக்கம்னு எனக்கு கவலையில்ல, எனக்கு இன்னும் எரகான் பக்கம்தான் சரி. அந்த சிப்பாய கொன்னது அநியாயம், டார்கன்பிராண்ட கொன்னதும் அநியாயம்.

அப்புறம் யாருமே ரோரன பத்தி பேசல பாருங்க. ரெண்டாவது புக்குல மந்திரமும் இல்லாம டிராகனும் இல்லாம, கைல ஒரு சுத்திய வெச்சிகிட்டு, ஒரு ஊரையே கெழவன் கொழந்தையோட மலை தாண்டி கூட்டிட்டு போறான், கடைசில கப்பலையே திருடறான். திருப்பி படிக்கும்போது எரகான் எல்ஃப் காட்டுல பாடம் படிக்கற பக்கத்த எல்லாம் தள்ளிட்டு ரோரன் அத்தியாயத்த மட்டும்தான் தேடி படிச்சேன்.

அகழி_ஆமை
அக்கா எல்ஃப் காட்ட தள்ளிட்டீங்களா!! அதுக்கு தனியா ஒரு சண்டை இருக்கு, இருங்க சாப்ட்டு வரேன்.

சத்துவாச்சாரி_வெயில்
காட்பாடி அண்ணா, பிரிசிங்கர் என்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கெழம கோட்டை பக்கம் வந்தா தரேன். ஆனா அந்த சிப்பாய் எடத்துல பென்சில் கோடு போட்டிருக்கேன், என் கோட்ட பாத்து முடிவு பண்ணாதீங்க.

காட்பாடி_ஜங்ஷன்
வரேன். அப்பவும் டார்கன்பிராண்ட் மேட்டர்ல மாற மாட்டேன்.